பல்சக்கரம்

பெயரைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்திருக்க முடியாது என்பதால் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கைப்பை, பையின் மேல் வலது கை, அதன் மேல் இடது கை. இப்படி வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. உள்ளே தெரியும்; பால் பொங்குவதற்குச் சற்று முன் பாத்திரத்தின் மூடி அதிருமே, அந்த அதிர்வு, உள்ளங்கைக்குள். வெளியே ஐப்பசி மழை. தில்லை நகரின் இந்தக் குறுக்குத் தெரு முழுக்க டாக்டர்கள்தான், மழைக்கு ஒதுங்கினாலும் ஏதாவது ஒரு நோயின் வாசலில்தான் ஒதுங்க வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக் என்கிறது. சுற்றி வந்து டக். சுற்றி வந்து டக். எந்த ஓசையைக் கேட்டாலும் அதைச் சீர் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு தூரத்தில் போகும் ரயிலை அப்படித்தான் பிரித்துக்கொண்டிருப்பேன், தண்டவாளம் இணையும் இடங்களில் விழும் இரட்டைத் தட்டு, பாலத்தில் ஏறியதும் குரல் கனத்து, காவிரியைத் தாண்டியதும் மறுபடி மெலிந்து, கடைசியில் ரயில் போனதா தூக்கம் வந்ததா என்று தெரியாத இடத்தில் முடியும். என் செருப்புக்கும் இப்போது ஓர் ஓசை வந்திருக்கிறது. முன்பு நடை இரண்டு அசையாக இருந்தது, எடுப்பதும் வைப்பதும். இப்போது ஒரே அசை, சரக். சரக். "செருப்பைத் தேய்க்காம நட வல்லி, புதுச் செருப்பு" என்பார் இவர். இவர் என்றால் என் கணவர் திருஞானம், பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரங்களோடு பேசிப் பேசியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். பக்கத்து நாற்காலியில் ஸ்கேன் படத்தின் பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "தலைக்குள்ள எல்லாம் நார்மல் சார். எழுத்துலயே போட்டுக் குடுத்துட்டாங்க. சும்மா ஒரு தடவை காட்டிட்டுப் போயிடலாம்னு வந்தோம்." அடுத்தவர் மெல்லத் திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு முகம் இருக்கிறது, முகத்தில்தான் ஆள் இல்லை. அவருடைய மனைவி பதில் சொல்கிறாள், "எங்களுக்கும் நார்மல்னுதாங்க வந்துச்சு." இவர் உறையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறார். அந்த மனிதரை உள்ளே கூப்பிடுகிறார்கள். எழுந்து நிற்கிறார், ஆனால் கால் வரவில்லை. தரையில் யாரோ பசை தடவி வைத்தது போல் பாதம் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கிறது. அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளவே இல்லை. தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, "தாண்டுங்க. வாய்க்கால்னு நெனச்சுக்கங்க" என்கிறாள். அவர் தாண்டிவிட்டார். தாண்டிய வேகத்தில் நாலு எட்டு நடந்தும் விட்டார். "எங்க ஊட்டுக்காரரு இப்படித்தான், கெடங்கு வெட்டினாத்தான் நடப்பாரு" என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் பின்னால் போகிறாள். இவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் இவருடைய பாதத்தைப் பார்க்கிறேன். மழையில் நனைந்த பாதம், கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது, பணிமனையில் ஏதோ விழுந்த நகம், வருடம் பல ஆகியும் வெளுக்கவில்லை. இந்தப் பாதமும் எனக்குக் குறுக்கே வரும். வராமல் போகாது. அதுதான் பயம். எனக்கு அந்த நோய் இருக்கிறதா இல்லையா, அதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம், அவ்வளவுதான். பார்க்கின்சன் என்ற பெயரை வீட்டில் நாங்கள் இருவருமே உச்சரிப்பதில்லை. அது என்போம். அதுவா இருக்காது என்பார் இவர். அதுவா இருந்தா என்பேன் நான். அது என்பது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மகள் அருள்மங்கைதான் முதலில் பார்த்தாள், பூனாவில் இருந்துகொண்டு, கைப்பேசியின் சின்னச் சதுரத்தில். அவளுக்கு வேலையில் உயர்வு கிடைத்த செய்தி. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். "என்மேல கோவமாம்மா?" "இல்லையேடி, எதுக்குக் கோவம்?" "பின்ன ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?" எப்படி வைத்திருந்தேன்? சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு நன்றாகத் தெரியும், நெஞ்சுக்குள் அந்தச் சிரிப்பு கிளம்பியது, கழுத்து வரைக்கும் வந்தது, அதற்கப்புறம் எந்த ஊரில் இறங்கிவிட்டது என்று தெரியவில்லை. கல்லூரியில் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்த மிஸ் சொல்வார், "உன் முகம் உன் வார்த்தைக்கு முன்னால ஓடுது வல்லி, கொஞ்சம் பிடிச்சு வை." பிடித்து வைத்துவிட்டேன் மிஸ். எதிரே ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிகிறது, அதன் மேல் மழை வழிகிறது, வழியும்போதெல்லாம் கன்னம் அசைவது போலவும் உதடு எதையோ சொல்ல வருவது போலவும் இருக்கிறது. மழை செய்கிற அந்த முகம் நன்றாக இருக்கிறது. அதற்குள்தான் நான் முன்பு குடியிருந்தேன். மழை விட்டுவிட்டால் அதுவும் போய்விடும், விடாமல் பெய்யட்டும். குரலும் இப்படித்தான் போனது, நான் இல்லாத நேரம் பார்த்து. "என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு" என்று இவர் கேட்கக் கேட்க, பாவம் இவருக்குக் காது மந்தமாகிவிட்டது, இத்தனை வருடம் பணிமனைச் சத்தத்தில் நின்றவர் என்று நினைத்துக்கொண்டு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து மணி அடித்துப் பார்த்துவிட்டு, "சாருக்குப் பாம்புக் காது" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவருக்குப் பெருமை. எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும், கேட்கிறவரிடம் பழுதில்லை என்றால் பின் யாரிடம் என்று. தோன்றவில்லை. தோன்றியதோ, தோன்றியதை நான்தான் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தினேனோ. ரவிக்கைக் கொக்கி மாட்ட ஆகிற நேரத்தில் ஒரு பாட்டு முடிந்துவிடுகிறது. சப்பாத்தி மாவைப் பிசையும்போது வலது கை பாதியில் மறந்துபோய் நின்றுவிடுகிறது. வயசாச்சு என்று சொல்லிக்கொண்டேன். வயசு நல்ல சொல், எதைச் சொன்னாலும் தலையாட்டும்.

"சௌந்தரவல்லி" என்று கூப்பிடுகிறாள் சீட்டுப் பதியும் பெண், என் முழுப்பெயர், அதை இப்போது ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான் கேட்கிறேன். கையை ஊன்றி, ஒரு தரம், இரண்டாம் தரம், எழுந்துவிட்டேன். டாக்டர் ஷாஹிதாவுக்கு நாற்பது வயது இருக்கும், தலையை மூடிய வெளிர்நீல முக்காடு, மேசையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாங்கள் கதவைத் திறந்து நாற்காலிக்கு வந்து சேரும் வரை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காக என்று நினைத்தேன். உட்கார்ந்த பிறகுதான் புரிகிறது, அப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டார். கதவிலிருந்து நாற்காலி வரை நான் வந்தது நடை இல்லை, பரீட்சை. "வாங்கம்மா. நீங்க சொல்லுங்க, சார் அப்புறம் சொல்லட்டும்." சார் ஏற்கெனவே உறையைப் பிரித்துவிட்டார். "டாக்டர், ஸ்கேன் நார்மல்." "சந்தோஷம் சார். ஆனா இது ஸ்கேன்ல தெரியாது. வேற கட்டி, அடைப்பு ஒன்னும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் ஸ்கேன்." "அப்ப ரத்தத்துல தெரியுமா?" "ரத்தத்துலயும் தெரியாது." "பின்ன எதுலதான் டாக்டர் தெரியும்?" "பாத்தாத் தெரியும். தொட்டாத் தெரியும். கொஞ்ச நாள் பொறுத்திருந்தாத் தெரியும்." இவர் உறையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், ஏமாற்றப்பட்டவர் போல. எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்கிறது. இந்தக் காலத்திலும் ஒரு நோய் இப்படி இருக்கிறதே, மழை வருமா என்று வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது போல, ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டியிருக்கிறதே. என்னை யாரும் இப்படிப் பார்த்து வெகு காலம் ஆகிறது. "கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அகலமாத் திறந்து, வேகமாத் தட்டுங்க." இடது கை தட்டுகிறது, சுமாராக. வலது கை நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது, பெரிய தட்டு, பெரிய தட்டு, அப்புறம் கொஞ்சம் சின்னது, அதைவிடச் சின்னது, விரல்கள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிய மனமில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன, பாலம் தாண்டிய ரயில் போல ஓசை தேய்ந்து தேய்ந்து எங்கோ விழுப்புரம் பக்கம் போய்விட்டது. நான் இன்னும் தட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறேன். "போதும்மா." பிறகு கை இரண்டையும் தொடைமேல் சும்மா வைக்கச் சொல்கிறார். "கண்ணை மூடிக்கங்க. நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க." தொண்ணூற்று மூன்று. பொன்மலைக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு ஒதுக்கிய வருடம், வாசலில் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. எண்பத்தாறு, அருள்மங்கை பிறந்தாள், மூன்று நாளாகக் கண்ணே திறக்கவில்லை, திறந்ததும் மின்விளக்கைத்தான் பார்த்தாள், என்னை இல்லை. எழுபத்தொன்பது, கல்லூரிக் கடைசி வருடம், மாடிப்படி வளைவில் நின்று உரக்கச் சொன்னால் சொன்ன வரி திரும்பி வரும். எழுபத்திரண்டு, தாவணி. அறுபத்தைந்து, சிலேட்டு, எச்சிலால் அழித்தால் அடி விழும். ஏழு ஏழு படியாக இறங்கிக்கொண்டே போகிறேன், படிகள் குளிர்ந்திருக்கின்றன, கீழே தண்ணீர் இருக்கிறது போலிருக்கிறது. ஐம்பத்தெட்டு, நான் பிறந்தேன். ஐம்பத்தொன்று. அங்கே நான் இல்லை, யாரும் என்னைத் தேடவும் இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது. "போதும்மா, கண்ணைத் திறங்க." திறந்தால் டாக்டரும் இவரும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் தானாக உருண்டுகொண்டிருக்கிறது, விளக்குக்குப் பஞ்சுத் திரி திரிப்பது போல. நான் எண்ணிக்கொண்டிருந்தபோது அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் பார்த்ததும் நின்றுவிட்டது, பிடிபட்ட பிள்ளை மாதிரி.

ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வரி எழுதச் சொல்கிறார். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, மழை நிற்கவில்லை என்று எழுதுகிறேன். முதல் எழுத்து பூசணி விதை, கடைசி எழுத்து கடுகு. பையைக் கீழே வைத்துவிட்டு நடக்கச் சொல்கிறார், பை இல்லாமல் அந்தக் கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, வயிற்றோடு மடங்கிக்கொண்டு வருகிறது, இடது கை மட்டும் வீசுகிறது. எனக்குப் பின்னால் வந்து நின்று, "தோளைப் பிடிச்சு இழுப்பேன், விழாம நிக்கணும். விழுந்தா நான் இருக்கேன்" என்கிறார். இழுத்தார். ஓர் அடி பின்வாங்கி நின்றுவிட்டேன். நின்றதில் எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது, பள்ளியில்கூட எந்தப் பரிசுக்கும் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. "சபாஷ்" என்கிறார் இவர். பிறகு டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றுகிறார், இடது கையை மேலும் கீழுமாக ஆட்டச் சொல்லிக்கொண்டே. "என்ன பாக்கறீங்க டாக்டர்?" "ரயில்வே பணிமனைன்னு சீட்டுல போட்டிருக்கே, நீங்களே பிடிச்சுப் பாருங்க சார்." இவர் தயங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடிக்கிறார். இந்தக் கையை இவர் முதன்முதலாகப் பிடித்தது சமயபுரம் தேர்க்கூட்டத்தில், காணாமல் போய்விடுவேன் என்று. இவர் சுழற்றுகிறார். கண் மேலே போகிறது, எதையோ கேட்பது போல, இயந்திரத்தில் காது வைத்துக் கேட்கிற முகம், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை, பணிமனையில் மட்டும் இருந்த முகம். "வழவழன்னு வரலை டாக்டர். விட்டு விட்டு வருது. பல்லுப் பல்லா மாட்டுது." "அதேதான். பல்சக்கரம் மாதிரின்னுதான் நாங்களும் சொல்லுவோம்." விடையைச் சரியாகச் சொல்லிவிட்ட பெருமை ஒரு கணம் இவர் முகத்தில் வந்தது, உடனே போனது. யாருடைய கை என்று அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கையை விடவில்லை. "எண்ணெய் போட்டா சரியாகிடுமா?" என்று கேட்கிறார், விளையாட்டாகக் கேட்பது போல. "பாக்கலாம் சார்" என்கிறார் டாக்டர், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல். "தூக்கத்துல கத்துவாங்களா? கை கால் வீசுவாங்களா?" "எனக்கு உதை விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. கல்யாணமான நாள்லேருந்தே விழுதுன்னு வச்சுக்கங்க." கண்ணை மூடச் சொல்லி ஒரு சின்னக் குப்பியை மூக்கருகே பிடிக்கிறார். "என்ன வாசனைம்மா?" காற்று வருகிறது. காற்று மட்டும் வருகிறது. இன்னும் ஆழமாக இழுக்கிறேன், ஒரு வீட்டின் எல்லா அறைகளுக்கும் போய்க் கதவு தட்டுவது போல. "ஒன்னும் வரலை டாக்டர்." கண்ணைத் திறந்தால் காபித்தூள். "எவ்வளவு நாளா?" எவ்வளவு நாளாக? கடைசியாக எதை முகர்ந்தேன்? ஓசை என்றால் சொல்லிவிடுவேன், எல்லா ஓசையும் தேதியோடு இருக்கிறது. வாசனை விடைபெற்றுக்கொண்டு போகவில்லை. "ஞாபகம் இல்லை" என்கிறேன். "பரவாயில்லை. சளியில போகும், வயசுல போகும். இதை மட்டும் வச்சு ஒன்னும் சொல்லமாட்டேன்."

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" இதற்கு இவர் நிமிர்ந்து உட்காருகிறார், இந்தத் துறை இவருடையது. "பிரஷருக்கு ஒன்னு. அவ்வளவுதான் டாக்டர். அநாவசியமா ஒரு மாத்திரை உள்ள போகாது." "தலைசுத்தலுக்கு?" "கிடையாது." "தூக்கத்துக்கு?" "படுத்தாத் தூங்கிடுவா." "கேஸுக்கு?" "அது தினம் உண்டு." டாக்டர் பேனாவைத் திறக்கிறார். "அதைச் சொல்லவே இல்லையே சார்?" "அது மாத்திரை இல்லையே டாக்டர். கேஸ் மாத்திரைதானே." இவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுகிறார், பாதி வெடித்த வெள்ளி அட்டை. கும்பகோணத்தில் உறவில் ஒரு கல்யாணம், விருந்து சாப்பிட்டு எனக்கு நெஞ்செரிச்சல், அங்கே ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. காலி அட்டையைக் கொண்டுபோய் மெடிக்கலில் நீட்டினால் போதும், இதே மாதிரி இன்னொன்று வரும், "ஐயா வந்தா வாயைத் திறக்கவே வேணாம்" என்பானாம் கடைக்காரன். தினமும் எனக்கு முன்னால் எழுந்து, வெந்நீர் போட்டு, டம்ளர் மூடியின் மேல் அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு வந்து நிற்பார், வாயைத் திற என்பார். அலுமினியத் தாள் பட்டென்று வெடிக்கிற ஓசையில்தான் என் காலைகள் தொடங்கியிருக்கின்றன. இவர் எனக்குப் பூ வாங்கி வந்தவர் இல்லை, பிரியமாக ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை, எங்கள் வீட்டில் பிரியம் என்பது இந்த அட்டையாகத்தான் சட்டைப் பையில் இருந்தது. டாக்டர் அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கிறார். மழை சற்று ஓய்ந்து, எங்கோ தகரத்தில் சொட்டுகிறது. "இதுல ரெண்டு மருந்து இருக்கு சார். ஒன்னு அமிலத்துக்கு, அது பரவாயில்லை. இன்னொன்னு வயிறு சீக்கிரம் காலியாகறதுக்கு. அது மூளைக்கும் போகும். நாம நெனச்ச மாதிரி கை கால் அசையணும்னா மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம் வேணும். இந்த மருந்து அதை வேலை செய்ய விடாது. வருஷக்கணக்காச் சாப்பிட்டா சில பேருக்கு அச்சு அசலா பார்க்கின்சன் மாதிரியே வரும். நடுக்கம், இறுக்கம், முகம், எல்லாம்." முதன்முதலாக அந்தப் பெயர் எங்கள் இருவருக்கும் நடுவில் உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னதும் அது சின்னதாகிவிட்டது போல் இருக்கிறது. "அப்ப... இவளுக்கு அது இல்லையா?" "இல்லாம இருக்கலாம். மாத்திரையை நிறுத்தினாக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் திரும்பி வரலாம். இல்லை, நோய் உள்ள ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்து, மாத்திரை அதை வெளிய இழுத்துக்கிட்டு வந்திருக்கலாம். வாசனை தெரியாதது, தூக்கத்துல உதைக்கிறது, இதெல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுக்குது. இன்னைக்கு எந்தப் பக்கம்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்." "எப்பத்தான் தெரியும்?" "பிரஷர் மாத்திரை அப்படியே இருக்கட்டும். இதை இன்னையோட நிறுத்துங்க. நாலஞ்சு மாசம் கழிச்சு வாங்க, இதே மாதிரி விரல் தட்டச் சொல்லிப் பாக்கறேன். நடுக்கம் குறைஞ்சுக்கிட்டே வந்தா மாத்திரைதான் காரணம். குறையலைன்னா அப்ப வைத்தியம் ஆரம்பிப்போம், அதுக்கும் நல்ல மருந்து இருக்கு." என்னைப் பார்த்து, "அதுவரைக்கும் கையை வீசி நடங்கம்மா. பையை சார் தூக்கட்டும்" என்கிறார். பங்குனி என்று நினைத்துக்கொள்கிறேன். பங்குனியில் ஆறு மணலாகிவிடும். மணலில் என் நடை எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன், இரண்டு விதமாகவும் தெரிகிறது, காலடித் தடமாகவும், இழுத்த கோடாகவும்.

வெளியே படிக்கட்டின் கீழ் ஆட்டோவுக்காக நிற்கிறோம். ஸ்கேன் உறை நனைகிறது, இவர் கவனிக்கவில்லை. என் பையும் இவர் தோளில்தான் தொங்குகிறது, பெண்கள் பை, அதையும் கவனிக்கவில்லை. கையில் அந்த அட்டை. திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பழுதான பாகத்தைப் பார்ப்பது போல. இவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன், என்ன சொல்லித் தேற்றுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். "என் தப்பு" என்கிறார். கேட்டது சரிதானா என்று பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்ததில்லை. விழுப்புரத்தில் வேறு ரயிலில் ஏற்றிவிட்டு, ரயில்வேக்காரராக இருந்துகொண்டு, ரயில்மேல் பழி போட்டவர். குழாயை மூட மறந்து கூடமெல்லாம் தண்ணீரானபோது மாநகராட்சி திடீரென்று இவ்வளவு தண்ணீர் விட்டால் யார் என்ன செய்வது என்று கேட்டவர். "என் தப்புதான் வல்லி. டாக்டரம்மா சொன்னாங்கல்ல." "அப்படிச் சொல்லலைங்க." "அப்படித்தான் சொன்னாங்க. நான் வாங்கினது. நான் குடுத்தது. ஒரு நாள் விட்டிருப்பேனா? எவனையும் கேக்காம நானே குடுத்தேன்." குரலில் வருத்தமே இல்லை. காணாமல் போன பொருள் ஒன்று கிடைத்து, அது தன்னுடையதுதான் என்று காவல் நிலையத்தில் அடையாளம் சொல்கிற மனிதரின் அவசரம் அந்தக் குரலில் இருக்கிறது. அப்போதுதான் எனக்குப் புரிகிறது. இவர் குற்றவாளி என்றால் நான் பிழைத்தேன். இவர் நிரபராதி என்றால் அது எனக்குள் முன்பே இருந்திருக்கிறது, கும்பகோணத்துக்கு முன்பே, விருந்துக்கு முன்பே, எங்கோ ஓர் அறையில் விளக்கைக் குறைத்துக்கொண்டு. இவரைத் தேற்ற வேண்டும் என்றால் நான் என் நோயைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "உங்க மேல ஒன்னும் தப்பில்லைங்க" என்று வாய் பழக்கத்தில் வந்துவிட்டது, ஒரு மனைவி சொல்லக்கூடிய மிக நல்ல வாக்கியம், இன்று அதைவிடக் கொடுமையான வாக்கியம் இல்லை. இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்ன தெரியும்? முழுக்க முழுக்க என் தப்பு." "அதுதான் உள்ளயே ஆரம்பிச்சிருக்கலாம்னு..." "லாம்னுதானே சொன்னாங்க? இருக்குன்னு சொன்னாங்களா?" ஆட்டோ வந்து நிற்கிறது. இவர் முதலில் பையை வைத்து, உறையை வைத்து, பிறகு என்னை ஏற்றி, தானும் ஏறிக்கொள்கிறார், பேச்சு நிற்கவில்லை. பாலக்கரை தாண்டும்போது டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "என்ன சார், வண்டிக்குள்ள சண்டை?" என்கிறார். "நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றேம்பா, இவ ஒத்துக்க மாட்டேங்கறா." "குடுத்து வச்சவரு சார் நீங்க. எங்க வீட்ல நான் பண்ணாததையே ஒத்துக்கிட்டிருக்கேன்." இவர் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தில் மழை உள்ளே தெறித்து இவருடைய ஒரு தோள் நனைந்துகொண்டிருக்கிறது, தெரு விளக்குகள் பகலிலேயே எரிகின்றன, ஈரச் சாலையில் அவை நீளமாக விழுந்து வண்டியோடு ஓடி வருகின்றன. கல்யாணமானதிலிருந்து எத்தனையோ சண்டையில் இவர்மேல்தான் தப்பு என்று நிரூபிக்க நான் பட்ட பாடு. ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. இன்று இவரே கட்சி மாறி வந்து என் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், நானோ எதிர்க்கட்சியில் போய் நின்றுகொண்டு இவரை மறுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும்தான் வாழ ஆசையாக இருக்கிறது. இவ்வளவு ஆசை இருக்கிறது என்று இன்று காலை வரை தெரியாது. கடவுளிடம் என்ன கேட்பது, இவர் தப்புச் செய்தவராக இருக்கட்டும் என்றா? அப்படித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது, வெட்கமில்லாமல். இவர் பக்கம் திரும்பி உட்காருகிறேன், திரும்ப நேரமாகிறது, காத்திருக்கிறார். "சரி. எப்படி உங்க தப்பு? நான் மறுத்துப் பேசலை. முதல்லேருந்து சொல்லுங்க" என்கிறேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு விவரமும் விட்டுவிடக் கூடாது என்பது போல் கண்ணை மூடித் திறந்து, "அன்னைக்குக் கும்பகோணத்துல பந்தி முடிஞ்சு நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தியா" என்று ஆரம்பிக்கிறார்.